டிஸ்ட்ரோ சண்டை அப்புறம், முதலில் ஸ்க்ரூடிரைவர்: பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடும் முறை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை வாய்தா உண்டு. விண்டோஸ் 11-க்குத் தாவலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே எழவிடும் செக்யூர் பூட் வேண்டும், இன்டெல் சிப்பாக இருந்தால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். 2015-இல் வாங்கிய ஐ5 லேப்டாப் இன்றும் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் ஓடுகிற வண்டிக்கு எஃப்சி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

உடனே நாலு பேர் வந்து "லினக்ஸ் போடு" என்பார்கள். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம், டிஸ்ட்ரோ என்பது அதன் ஒவ்வொரு தொகுப்புக்கும் பொதுப் பெயர். சரி, எந்த லினக்ஸ் என்று கேட்டால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். ஒருவர் டெபியன் என்பார், ஒருவர் ஃபெடோரா என்பார், ஆர்ச் போட்டவர் கேட்காமலேயே தான் ஆர்ச் போட்டிருப்பதைச் சொல்வார். இந்தச் சண்டையைப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கலாம், சுவையாகத்தான் இருக்கும். உங்கள் லேப்டாப் வேகமாக ஓடுமா ஓடாதா என்பதை முடிவு செய்வது டிஸ்ட்ரோவின் பெயரைவிட அதற்குள் இருக்கும் டிஸ்க்கும் ரேமும்தான். அதனால் இந்த வழிகாட்டியில் ஸ்க்ரூடிரைவர் முதலில் வரும், டிஸ்ட்ரோ பிறகு வரும்.

யாருக்கு வேண்டாம்

டேலியில் கணக்கு எழுதுகிறவர்கள் அந்த மெஷினைத் தொட வேண்டாம். அது விண்டோஸ் மென்பொருள். ஃபோட்டோஷாப், பிரீமியர் இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது. வாலரன்ட் ஆடுகிற பிள்ளை வீட்டில் இருந்தால் அதன் வேன்கார்ட் ஏமாற்றுத் தடுப்பான் லினக்ஸில் ஓடாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிறகு பழி உங்கள் மேல் வரும். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருப்பவர்கள், அந்த டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று விற்றவரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

பிரின்டர்தான் பலர் கடைசியில் நினைத்துப் பார்ப்பது. ஜெராக்ஸ் கடையிலிருந்து ஆடிட்டர் ஆபீஸ் வரை எங்கும் இருக்கும் கேனான் எல்பிபி 2900 லினக்ஸில் சரியான தலைவலி. அது கேனானின் சொந்த மொழியில் பேசும், அதற்கென்று தனி டிரைவர் வேண்டும், அதை உட்கார வைப்பதற்குள் ஒரு சாயங்காலம் போய்விடும். எச்பி லேசர்ஜெட் 1020 கொஞ்சம் பரவாயில்லை. அந்த பிரின்டர் தன் ஃபர்ம்வேரை உள்ளே வைத்துக்கொள்வதில்லை, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினிதான் ஊட்ட வேண்டும். எச்பிலிப் என்ற மென்பொருளோடு அதன் பிளகினையும் இறக்கிக்கொண்டால் வேலை செய்யும். பிளகினை விட்டுவிட்டால் பிரின்டர் பட்டியலில் தெரியும், காகிதம் மட்டும் வராது.

உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

லேப்டாப் திறந்து ஐந்து நிமிடம் ஆகியும் உள்ளே டிஸ்க் கரகரத்துக்கொண்டிருந்தால் அதில் பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கிறது என்று அர்த்தம். நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் டிஸ்க்கில், படிக்கும் முள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்து நகர்ந்துதான் படிக்க வேண்டும். நொடிக்கு நூறு தாவல் என்பதே அதற்குப் பெரிய விஷயம். சுழலும் பாகமே இல்லாத சாதாரண சாட்டா எஸ்எஸ்டி அதே நொடியில் பல்லாயிரம் இடங்களைத் தொட்டுவிடும். எந்த இயங்குதளமும் எழும்போது ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளைப் படிக்கிறது. ஆகவே டிஸ்க்கை மாற்றாமல் உலகத்திலேயே லேசான லினக்ஸைப் போட்டாலும் அது ஹார்ட் டிஸ்க்கின் வேகத்தில்தான் எழும். 240 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டி இந்த வேலைக்குத் தாராளம்.

வாங்கும்போது 2.5 அங்குல சாட்டா வகை என்று கேட்டு வாங்குங்கள். அதன் தடிமன் 7 மில்லிமீட்டர். பழைய லேப்டாப்பில் 9.5 மில்லிமீட்டர் டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டி கொஞ்சம் ஆடும். அதோடு வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டலாம், இல்லையென்றால் மடித்த அட்டைத் துண்டே போதும். மாற்றுவதற்கு முன் சார்ஜரைப் பிடுங்கி, கழற்றக்கூடிய பேட்டரியாக இருந்தால் கழற்றி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடலில் மூடியைத் திறந்ததும் பேட்டரியின் கனெக்டரை எடுத்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் இருக்காது. எது எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் லேப்டாப்பின் வடிவத்தை வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டையான குழிக்குள் முறுக்கினால் விசைப்பலகைப் பக்கம் ஒரு மேடு கிளம்பும்.

அடுத்தது ரேம். 4 ஜிபி இருந்தால் வேலை ஆகும், 8 இருந்தால் நிம்மதி. கடையில் 'டிடிஆர்3' என்று மட்டும் சொல்லி வாங்கிவிடாதீர்கள். இன்டெல் 4, 5-ஆம் தலைமுறை மெல்லிய லேப்டாப்கள் 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வகையைத்தான் ஏற்கும். பழைய 1.5 வோல்ட் ரேமைச் செருகினால் திரை கறுப்பாகவே இருக்கும், கடைக்காரரோ ரேம் நன்றாக இருக்கிறது என்று சாதிப்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. பழைய ரேமின் ஸ்டிக்கரில் பிசி3 என்ற எழுத்துக்குப் பின்னால் 'எல்' இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போனால் இந்த வழக்கே வராது.

டிஸ்க் மாற்றுவதில் இன்னொரு பெரிய லாபம், பழைய டிஸ்க் விண்டோஸோடும் உங்கள் கோப்புகளோடும் அப்படியே கையில் இருக்கும். எதையும் அழிக்கவில்லை, எதையும் பிரிக்கவில்லை. லினக்ஸ் ஒத்துவரவில்லையா, பழையதை மறுபடி மாட்டுங்கள், அவ்வளவுதான். பிறகு அதே டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டால் வெளி டிரைவாக ஆகிவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: கழற்றுவதற்கு முன் விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அதே லேப்டாப்புக்குள் ஒரு டெக்ஸ்ட் கோப்பாகச் சேமிப்பது, பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவது போலத்தான்.

இனி அந்தப் பெயர் விவகாரம்

லினக்ஸின் மையமான கருவை (கெர்னல்) எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் தன் மெஷினில் ஃபெடோரா வைத்திருக்கிறார். நிறுவுவது சுலபமாக இருந்தால் போதும், மீதி நேரத்தில் வேறு வேலை பார்க்கலாம் என்பதுதான் இதில் அவருடைய கட்சி. உருவாக்கியவருக்கே இல்லாத வெறி நமக்கு எதற்கு?

4 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள லேப்டாப்புக்கு லினக்ஸ் மின்ட் என்ற டிஸ்ட்ரோ, அதில் லேசான திரை அமைப்பு கொண்ட எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 8 ஜிபி இருந்தால் அதே மின்ட்டில் சினமன் பதிப்பு, பார்க்கக் கொஞ்சம் மினுக்காக இருக்கும். மின்ட் கேட்பது குறைந்தது 2 ஜிபி ரேம், 20 ஜிபி இடம். வசதியாக இருக்க 4 ஜிபியும் 100 ஜிபியும் என்று அவர்களே சொல்கிறார்கள். 22 என்ற எண்ணில் தொடங்கும் வரிசை உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டது, 2029 வரை அப்டேட் வரும். உபுண்டுவையே நேரடியாகப் போட்டால் என்ன என்றால், அதில் ஃபயர்ஃபாக்ஸ், தனக்கு வேண்டியதையெல்லாம் உள்ளேயே சுமந்து வரும் ஸ்னாப் பொட்டலமாக வருகிறது. பழைய மெஷினில் ஸ்னாப் முதல்முறை திறப்பதற்குள் காபி ஆறிவிடும். மின்ட்காரர்கள் ஸ்னாப்பை வாசலிலேயே நிறுத்திவிட்டு ஃபயர்ஃபாக்ஸைப் பழைய முறையிலேயே தருகிறார்கள்.

2011 முதல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்கள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. அவற்றுக்கும் இந்தக் கணக்கேதான்: ரேமைக் கூட்டி, டிஸ்க்கை மாற்றி, எக்ஸ்எஃப்சிஇ. ஆட்டம் என்270 போன்ற 32 பிட் சிப் கொண்ட குட்டி நெட்புக்குகளுக்கு மட்டும் வழி குறுகிவிட்டது. டெபியன் 13-இல் 32 பிட் நிறுவியே (இன்ஸ்டாலர்) கிடையாது. டெபியன் 12 போடலாம், 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவு இருக்கிறது. அதற்குமேல் அந்த நெட்புக்கை அலமாரியில் அழகுக்கு வைக்கலாம்.

ஆர்ச், ஜென்டூ இரண்டும் நல்லவைதான். ஆனால் 4 ஜிபி லேப்டாப்பில் ஜென்டூ போட்டு ஒவ்வொரு மென்பொருளையும் அதிலேயே கம்பைல் செய்வது, கல்யாணச் சாப்பாட்டுக்கு வீட்டு அம்மியில் அரைப்பது மாதிரி. ருசி இருக்கலாம், முகூர்த்தம் போய்விடும்.

பென்டிரைவ் தயார் செய்வது

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று எடுங்கள். அதிலிருப்பதெல்லாம் அழியும். மின்ட்டின் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து முழு இயங்குதளமும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்குங்கள், ஏறக்குறைய 3 ஜிபி இருக்கும். இறக்கியதும் அதன் எஸ்எச்ஏ256 எண்ணை (கோப்பின் கைரேகை மாதிரி) சரிபார்ப்பதைப் பெரும்பாலோர் தாண்டிப் போகிறார்கள். 2016 பிப்ரவரியில் மின்ட் தளத்துக்குள்ளேயே யாரோ புகுந்து, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்குப் போகும்படி இணைப்பை மாற்றிவிட்டார்கள். வைரஸ் கதையை விடுங்கள், இணைப்பு நடுவில் அறுந்து பாதி இறங்கிய கோப்பால் வரும் தொல்லையே அதிகம். நிறுவி 70 சதவீதத்தில் நின்று, புரியாத ஒரு பிழையைக் காட்டும்.

விண்டோஸில் 7-ஜிப் இருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து சிஆர்சி எஸ்எச்ஏ மெனுவில் எஸ்எச்ஏ-256-ஐத் தேர்ந்தெடுங்கள். வரும் 64 எழுத்தையும் தளத்தில் இருப்பதையும் ஒப்பிடுங்கள். முதல் ஆறும் கடைசி ஆறும் ஒத்துப்போனால் பாதி இறங்கிய கோப்பு இல்லை என்று நம்பலாம். சந்தேகப் பேர்வழிகள் முழுவதையும் ஒப்பிடலாம், தப்பில்லை.

ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதுவதற்கு ரூஃபஸ் என்ற விண்டோஸ் மென்பொருள் போதும். பென்டிரைவையும் ஐஎஸ்ஓவையும் காட்டி, மற்றதை அப்படியே விட்டு ஸ்டார்ட் கொடுங்கள். ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று கேட்கும். முதலில் ஐஎஸ்ஓ முறையில் எழுதுங்கள், அது பூட் ஆகவில்லை என்றால் டிடி முறை. டிடி முறையில் எழுதிய பென்டிரைவை விண்டோஸில் செருகினால் "ஃபார்மட் செய்யவா" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள், பென்டிரைவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நிறுவுவதற்கு முன் ஓட்டிப் பார்ப்பது

லேப்டாப் எழும்போது, எதிலிருந்து எழ வேண்டும் என்று கேட்கும் பூட் மெனுவின் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ இரண்டிலும் எஃப்12. எச்பியில் எஸ்கேப் தட்டி எஃப்9. அசூஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12-தான், ஆனால் பயாஸுக்குள் (மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் அந்த மெனுவை ஆன் செய்திருந்தால்தான் வரும். லெனோவோ ஐடியாபேட் சிலவற்றில் பக்கவாட்டில் பின் குத்தும் சிறு துளை இருக்கும், நோவோ பட்டன் என்பார்கள். மெஷினை அணைத்துவிட்டு அதைக் குத்த வேண்டும்.

மின்ட் பென்டிரைவிலிருந்தே எழுந்து நிற்கும். டெஸ்க்டாப்பில் 'இன்ஸ்டால்' படம் கண்ணைக் கவரும். பொறுங்கள். முதலில் வைஃபை பட்டியல் வருகிறதா, யூடியூபில் சத்தம் கேட்கிறதா, டச்பேடில் இரண்டு விரல் உருட்டல் வேலை செய்கிறதா, வெளிச்சம் கூட்டிக் குறைக்க முடிகிறதா, வெப்கேம் தெரிகிறதா என்று பாருங்கள். கடைசியாக மூடியை மூடி அரை நிமிடம் கழித்துத் திறங்கள். தூங்கியது எழுந்தால் வரம். எழாவிட்டால் இங்கேயே தெரிந்துகொண்டது நல்லது.

வைஃபை வரவில்லை என்றால் சிப் பெரும்பாலும் பிராட்காமாக இருக்கும். கலங்க வேண்டாம். ஃபோனை யூஎஸ்பி வயரில் மாட்டி டெதரிங் ஆன் செய்தால் நெட் வந்துவிடும், இதற்கு எந்த டிரைவரும் வேண்டாம். நிறுவி முடித்தபின் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பிராட்காம் டிரைவரை அதுவே காட்டும். இந்த ஒரு வயர் வித்தை தெரியாமல் லினக்ஸே வேண்டாம் என்று போனவர்கள் நிறையப் பேர்.

நிறுவுதல்

எல்லாம் சரியாக இருந்தால் 'இன்ஸ்டால்'. மல்டிமீடியா கோடெக் வேண்டுமா என்று கேட்கும் கட்டத்தில் டிக் போடுங்கள். இல்லையென்றால் சில வீடியோக்கள் மௌனப் படமாகும். புது எஸ்எஸ்டி மட்டும் உள்ளே இருந்தால் 'இரேஸ் டிஸ்க்' தேர்வு, அவ்வளவுதான், பத்து இருபது நிமிட வேலை.

நிறுவிக்கு டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் சாட்டா முறை 'ரெய்டு' என்றோ 'இன்டெல் ஆர்எஸ்டி' என்றோ இருக்கும், அதை ஏஎச்சிஐ ஆக்குங்கள். விண்டோஸும் அதே டிஸ்க்கில் இருந்தால் இந்த மாற்றத்தைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது. முன்கூட்டியே சேஃப் மோடில் எழும்படி விண்டோஸுக்குச் சொல்லிவைக்காவிட்டால் அது நீலத் திரையோடு மல்லுக்கு நிற்கும்.

விண்டோஸும் வேண்டும், லினக்ஸும் வேண்டும், ஒரே டிஸ்க்தான் என்கிறவர்களுக்கு: முதலில் விண்டோஸுக்குள் போய் டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவைச் சுருக்கி 60 ஜிபியாவது காலி இடம் விடுங்கள். லினக்ஸ் நிறுவியைக்கொண்டு விண்டோஸ் பகுதியைச் சுருக்குவதைவிட இது பத்திரம். பிறகு ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணையுங்கள். அது ஆனில் இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாகச் சாகாது, அரைத் தூக்கத்தில் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். லினக்ஸ் அந்தப் பகுதியைப் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. இரண்டு டிஸ்க் உள்ள மெஷின் என்றால் நிறுவும்போது விண்டோஸ் டிஸ்க்கின் கனெக்டரைக் கழற்றிவிடுங்கள். இயங்குதளத்தை எழுப்பும் பூட் லோடரை எந்த டிஸ்க்கில் வைக்கச் சொன்னாலும் முதல் டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும் பழக்கம் இந்த நிறுவிக்கு உண்டு.

செக்யூர் பூட் ஆனில் இருந்தால் நடுவில் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அது லாகின் பாஸ்வேர்டு இல்லை. மறுமுறை எழும்போது நீலத் திரை ஒன்று வந்து, ஏதாவது விசையைத் தட்டு என்று பத்து நொடி காத்திருக்கும். தட்டினால் 'என்ரோல் எம்ஓகே' என்ற வரியைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்து, ரீபூட். அந்தப் பத்து நொடியில் தண்ணீர் குடிக்கப் போனவருக்கு வைஃபை டிரைவர் லோடு ஆகாது, காரணமும் விளங்காது.

முதல் ஒரு மணி நேரம்

அப்டேட் மேனேஜரைத் திறந்து எல்லா அப்டேட்டையும் போட்டு ஒருமுறை ரீபூட். அடுத்து டிரைவர் மேனேஜர். அடுத்து டைம்ஷிஃப்ட்: ஆர்சிங்க் முறை, தினசரி இரண்டு பிரதி போதும். இது சிஸ்டத்தை மட்டுமே பிரதி எடுக்கும், உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் படங்களையும் கடிதங்களையும் தொடாது. டைம்ஷிஃப்ட் இருக்கிறதே என்று கல்யாண ஆல்பத்துக்குத் தனி நகல் எடுக்காமல் விட்டுவிடாதீர்கள்.

4 ஜிபி மெஷினில் இசட்ரேம் கண்டிப்பாக வேண்டும். ரேமில் உடனடித் தேவை இல்லாத பகுதியை டிஸ்க்குக்குத் தள்ளாமல், ரேமுக்குள்ளேயே அமுக்கி வைக்கும் ஏற்பாடு இது. மென்பொருள் பட்டியலில் 'இசட்ரேம்-டூல்ஸ்' என்று தேடி நிறுவுங்கள். ஈடிசி ஃபோல்டருக்குள் டிஃபால்ட் ஃபோல்டரில் 'இசட்ரேம்ஸ்வாப்' என்ற கோப்பு இருக்கும். அதில் 'பர்சென்ட்' வரியின் முன்னால் இருக்கும் ஹேஷ் குறியை எடுத்துவிட்டு 50 என்று வைத்து ரீபூட் செய்யுங்கள். பத்து டேப் திறந்தால் உறைந்துகொண்டிருந்த பிரவுசர் கொஞ்சம் மூச்சு விடும். முப்பது டேப் திறப்பவருக்கு எந்த மென்பொருளும் மருந்து இல்லை.

இரண்டு இயங்குதளமும் வைத்திருப்பவர்கள், லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுவதைப் பார்ப்பார்கள். பேட்டரி போகவில்லை. மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலக நேரத்தை எழுதும், விண்டோஸ் அதை நம்மூர் நேரம் என்று படிக்கும். இந்தியா, இலங்கை இரண்டுக்கும் வித்தியாசம் அதே ஐந்தரைதான். லினக்ஸ் டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல்' கட்டளைக்கு 'செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்று கொடுத்தால் இரண்டும் சமாதானம் ஆகிவிடும்.

தமிழ் எழுத

தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் 'ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர்' பொதியை நிறுவுங்கள். அதில் நோட்டோ சான்ஸ் தமிழ் வந்துவிடும். பாமினியில் அடித்த பழைய கோப்புகள் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிவதற்கு லினக்ஸ் காரணம் இல்லை. பாமினி எழுத்துரு நிறுவாத விண்டோஸிலும் அப்படித்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றி வைப்பதே நிரந்தரத் தீர்வு.

விசைப்பலகை அமைப்பில் தமிழ் லேஅவுட்டைச் சேர்த்துவிட்டு, தமிழ்99 சரியாக வரவில்லையே என்று நிறையப் பேர் தலையைச் சொறிகிறார்கள். அந்தப் பட்டியலில் இருக்கும் தமிழ்நெட் 99 வெறும் விசை வரைபடம். ஒரு விசைக்கு ஒரு குறியீடு, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். முன்னால் என்ன அடித்தீர்கள் என்று பார்த்துத் தானாகப் புள்ளி வைக்கும் அறிவு அதற்கு இல்லை. ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையையும் 'ஐபஸ்-எம்17என்' பொதியையும் நிறுவி, லாக் அவுட் செய்து திரும்பி வந்து, ஐபஸ் பிரெஃபரன்ஸில் தமிழ்99-ஐச் சேர்க்க வேண்டும். சரியாக அமைந்ததா என்று பார்க்க ஏ, கே, கே, கியூ என்ற நான்கு விசைகளைத் தட்டுங்கள். 'அம்மா' வந்தால் அமைந்துவிட்டது. 'அமமா' என்று புள்ளி இல்லாமல் வந்தால் நீங்கள் இன்னும் அந்த வரைபடத்தில்தான் இருக்கிறீர்கள்.

லிப்ரே ஆபீஸில் எழுத்துருவை மாற்றினாலும் தமிழ் மட்டும் மாறவில்லை என்பது இன்னொரு புகார். ஆங்கிலத்துக்கு ஒன்று, தமிழ் போன்ற சிக்கல் எழுத்துகளுக்கு ஒன்று என்று அது தனித்தனியாகக் கணக்கு வைக்கிறது. அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய் சிக்கல் எழுத்துகளுக்கான சிடிஎல்-ஐ ஆன் செய்து, ரைட்டரின் அடிப்படை எழுத்துரு சிடிஎல் பக்கத்தில் உங்களுக்குப் பிடித்த தமிழ் எழுத்துருவை வையுங்கள்.

புரோகிராம் எழுதப் போகிறவர்களுக்கு

மின்ட்டில் பைத்தான் ஏற்கெனவே இருக்கிறது, 22 வரிசையில் 3.12. அது உங்களுக்காக வைத்தது இல்லை. மின்ட்டின் அப்டேட் மேனேஜர் உட்படப் பல கருவிகள் அதன் மேல்தான் ஓடுகின்றன. புதுப் பதிப்பு வேண்டும் என்று அந்தப் பைத்தானை மாற்றினால், மாற்றியதைச் சரிசெய்ய வேண்டிய கருவியே திறக்காது. பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் கொண்டு எதையாவது நேரடியாக நிறுவப் போனால் இப்போதெல்லாம் மறுத்துவிடுகிறது. மறுப்போடு 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற விருப்பத்தையும் காட்டும். சிஸ்டத்தை உடைக்கிறேன் என்று பெயரிலேயே எழுதி ஒட்டிய பிறகும் அதைப் போடுகிறவர்களை என்ன சொல்ல? 'பைத்தான்3-வென்வ்' பொதியை நிறுவி, ஒவ்வொரு வேலைக்கும் வென்வ் என்ற தனி அறையை உருவாக்கி அதற்குள் பிப் ஓட்டுங்கள். கெட்டுப்போனால் அந்த ஃபோல்டரை அழித்தால் தீர்ந்தது.

எந்த மொழி சிறந்தது என்ற சண்டைக்கும் ஹார்டுவேர்தான் நடுவர். ரஸ்ட் அருமையான மொழி, 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பிலிருந்து லினக்ஸ் கருவுக்குள்ளேயே இடம் பிடித்துவிட்டது. ஆனால் இரண்டு கோர், 4 ஜிபி லேப்டாப்பில் பெரிய ரஸ்ட் திட்டம் ஒன்றை கம்பைல் செய்யவிட்டால் விசிறி கத்தும், கடைசியில் ரேம் தீர்ந்து லினக்ஸே கம்பைலரைக் கொன்றுவிடும். ரஸ்ட்டின் கட்டுமானக் கருவியான கார்கோவுக்கு 'ஜே 1' கொடுத்தால் மெதுவாக, ஆனால் முடிவு வரை ஓடும். சி மொழிக்காரர்கள் 'மேக்' கட்டளைக்கு எண் போடாமல் வெறும் 'ஜே' கொடுத்துவிடக் கூடாது, அது எல்லை இல்லாமல் வேலைகளைக் கிளப்பிவிடும். எழுதுவதற்கு விஎஸ் கோடு கனமாக இருந்தால் ஜீனி இருக்கிறது, கண் இமைப்பதற்குள் திறக்கும்.

தமிழை வைத்து நிரல் எழுதப் போனால் மொழிகளின் குணம் இன்னும் வேடிக்கையாக வெளிப்படும். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சொல்லும். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் ஐந்து என்கின்றன. இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகின்றன. ரஸ்ட்டும் கோ மொழியும் 15 என்கின்றன, அவை பார்ப்பது பைட் கணக்கை. யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். ஸ்விஃப்ட் மட்டும் மூன்று என்று சொல்லிப் பாஸாகிறது. பைத்தானில் கடைசி எழுத்தை வெட்டச் சொன்னால் 'தமி' வராது, புள்ளி மட்டும் உதிர்ந்து 'தமிழ' என்று நிற்கும். தலைகீழாகத் திருப்பச் சொன்னால் இகரம் மகரத்தை விட்டு ழகரத்தில் போய் ஒட்டிக்கொண்டு, புள்ளி அநாதையாக முன்னால் வந்து நிற்கும்.

பைத்தானோடு வரும் 'ஆர்இ' தொகுப்பால் இதைச் சரிசெய்ய முடியாது. வென்வுக்குள் 'ரீஜெக்ஸ்' தொகுப்பை நிறுவி, பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் சேர்ந்த குறியால் தேடினால் த, மி, ழ் என்று மூன்றாகப் பிரித்துத் தரும். ஓப்பன்-தமிழ் தொகுப்பில் எழுத்துகளைப் பிரிக்கவென்றே 'கெட் லெட்டர்ஸ்' என்ற செயல்கூறு இருக்கிறது. ரீஜெக்ஸ் வழியில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டும் நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, அந்தக் குறிக்கு மட்டும் இரண்டு. சொல்விளையாட்டோ அகராதி வரிசையோ எழுதுவதாக இருந்தால் பிரிப்பதற்கு முன்பே அந்த இரண்டையும் தனியாகப் பிடித்து வைத்துவிடுங்கள்.